ஊட்டு கெடா

'ஒரு கெடா'ன்னு சொல்லியிருந்தா போதும். சந்தைக்கு போய் எதையாவது புடிச்சாந்து அம்மனுக்கு வெட்டியிருக்கலாம். எங்க ஊட்டுக்காரர் வாயில வந்தது 'ஊட்டு கெடா'. ஊட்ல இருந்ததே ஒண்ணுதான்.

செம்மறிக் கெடா அது. குட்டை மயிரு, செங்கல் நெறம். எழுபதுங்கள்ல எங்க பக்கம் எல்லாரும் வெள்ளையும் கருப்புமான நெல்லூர் கெடா வாங்கி மந்தையில சேர்த்துட்டாங்க. ஒசரமா வளரும், கறி நெறைய நிக்கும்னு ஆசை. கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பெனி வந்து, மேய்ச்ச பொறம்போக்குல வேலி போட்ட பிறகு பாதி பேர் ஆட்ட வித்துட்டு வேலைக்கே போயிட்டாங்க. கலப்பு இல்லாத செவப்பு ஆடு எங்க ஒண்ணரை காணியில மட்டும்தான் மிச்சம். "புருஷன விட கெடாவதான் நல்லா பாத்துக்கற"ன்னு பக்கத்து நெலத்துக்காரம்மா கிண்டல் பண்ணும். கெடா குடிச்சிட்டு வர்றதில்லக்கான்னு சொல்லுவேன்.

அந்த வருஷம் என் பொண்ணுக்கு வெசக்காய்ச்சல். பொன்னேரி ஆஸ்பத்திரியில கெடந்தோம். நான் கொழந்த பக்கத்துல இருக்க, இவரு ஊருக்கு ஓடி அம்மன் முன்னாடி உழுந்து, ஆடி மாசம் ஊட்டு கெடாவ வெட்டறேன்னு வேண்டிக்கினு வந்துட்டாரு. காய்ச்சல் எறங்கி ஊட்டுக்கு வந்த பிறகுதான் என்கிட்ட சொன்னாரு.

"இன்னாய்யா, ஒரு கெடான்னு சொல்லக்கூடாதா?"

"அந்நேரத்துல வார்த்தைய பாத்தா பேசுவாங்க?"

அந்த தடவ ஈன்ன குட்டியில ஒண்ணு தவிர எல்லாம் பொட்டை. அந்த ஒரே ஒரு கெடாக்குட்டியும் கழிச்சல்ல போயிடுச்சு. பெரிய கெடா போயிட்டா அடுத்த ஈத்துக்கு நெல்லூர் கெடாகிட்டதான் போவணும். செவப்பு அதோட தீர்ந்துது. எனக்கு சோறு எறங்கல. கெடாவ பாக்கும்போதெல்லாம் அழுவ வரும். கூடவே கோவமும் வரும், யார் மேலன்னு தெரியாம.

ஒரு வழிதான் இருந்துது. எங்க பக்கம் கெடா மேல மஞ்சத்தண்ணி ஊத்துவாங்க. அது ஒடம்ப சிலுப்பினாதான் அம்மன் உத்தரவு குடுத்துட்டான்னு அர்த்தம். சிலுப்பலன்னா கத்திய எடுக்க மாட்டாங்க. சிலுப்பாத, சிலுப்பாதன்னு தெனம் அது காதுலயே சொன்னேன். ஆட்டுக்கு இன்னா புரியும், பைத்தியக்காரி.

ஆடி ஞாயித்துக்கெழம கோயிலுக்கு கூட்டிக்கினு போனோம். இடுப்புல பொண்ணு. காய்ச்சல்ல முடி கொட்டி, கழுத்து குச்சியாட்டம் இருந்துது. பூசாரி தண்ணி ஊத்துனாரு. கெடா நின்னுது. மறுபடி ஊத்துனாரு. கண்ண மூடிக்கினு நின்னுது. மூணாவது செம்பு ஊத்தியும் அசையல. எனக்கு வயித்துல பால் வார்த்தாப்ல இருந்துது. சிரிப்பு வந்து முந்தானையால வாய மூடிக்கினேன்.

பூசாரி செம்ப கீழ வச்சிட்டு, "அம்மாக்கு மனசு எறங்கல போலகீது, ஏத்துக்கல"ன்னாரு.

சுத்தி நின்னவங்க கெடாவ பாக்கல. என் இடுப்புல இருந்த பொண்ண பாத்தாங்க. அது தலைய என் தோள்ல சாச்சிக்கினு இருந்துது. நெத்தி லேசா சுட்டாப்ல இருந்துது. வெயிலா, காய்ச்சலான்னு தெரியல. தொட்டு தொட்டு பாத்தேன், அப்பவும் தெரியல. என் ஊட்டுக்காரர் மூஞ்சி வெளுத்துப் போச்சு.

பொண்ண அவருகிட்ட குடுத்தேன். செம்ப எடுத்து தண்ணி மொண்டேன். கெடாவுக்கு எங்க ஊத்துனா சிலுப்பும்னு வளத்தவளுக்கு தெரியாதா? குனிஞ்சி அதோட காதுக்குள்ளயே ஊத்துனேன்.

தலையிலருந்து வாலு வரைக்கும் சிலுப்புச்சு. தண்ணி என் பொண்ணு மூஞ்சியில தெறிச்சி, அது சிரிச்சிது.

மறு வருஷம் பொறந்த குட்டிங்க வெள்ளையும் கருப்புமா இருந்துச்சுங்க. என் பொண்ணு அதுங்க பின்னாடியே ஓடிக்கினு கெடந்துது.