நூறு மூச்சு

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு நான் தினமும் வேலைக்குப் போகும் சாலையில்தான், விக்கிரவாண்டிக்குச் சற்று முன்னால், லாரி மோதி என் தம்பி செத்தான். அடிபட்ட பிறகும் வெகுநேரம் உயிர் இருந்ததாம். ஒரு பஸ்கூட நிற்கவில்லை. அந்தப் பஸ்களில் உட்கார்ந்திருந்தவர்கள் நாசமாகப் போகட்டும் என்று வாய்விட்டுச் சபித்திருக்கிறேன்.

அதன்பின் அந்த இடம் நெருங்கினாலே பயத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கிவிடத் தோன்றும். கண்ணை மூடி, மூச்சை மட்டும் கவனித்து, நூறு வரை எண்ணும்படி தியான வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். மாதக்கணக்கில் எண்ணினேன். பயம் உண்மையிலேயே அடங்கியது.

போன மாதம் ஒருநாள் அங்கே பஸ் குலுங்கி நின்றது. வெளியே ஒரே கூச்சல். எந்தச் சத்தம் கேட்டாலும் மூச்சுக்கே திரும்ப வேண்டும் என்பது வகுப்பில் கற்ற பாடம். திரும்பினேன். நூறு முடிந்தது, மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். மனம் அவ்வளவு அமைதியாக இருந்தது.

கண் திறந்தபோது பஸ் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து சீட்டு அம்மாவின் புடவையெல்லாம் ரத்தம்.

"பைக்ல வந்தவர தூக்க ஆளு பத்தல. ஒரு கை குடும்மான்னு உன்ன எத்தினி வாட்டி கூப்ட்டேன்! சிரிச்ச மூஞ்சியா கண்ண மூடிக்கினு குந்தியிருந்தியே!"