லேபிள் ஒட்டிய ஹம்மஸ்

மூடியில் மயில் படம் போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதில்தான் என் கையால் செய்த முதல் ஹம்மஸை அடைத்துக்கொண்டு பட்டாசுக் கம்பெனிக்குப் போனேன். விருதுநகரில் வேன் ஏறியதிலிருந்து இறங்கும்வரை டப்பாவை மடியைவிட்டு இறக்கவில்லை. பெற்ற பிள்ளையைக்கூட நான் அப்படிப் பொத்திப் பொத்தித் தூக்கிக்கொண்டு போனதாக ஞாபகம் இல்லை. பக்கத்துச் சீட்டில் என் மதினி, அண்ணனைக் கட்டியவர், ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு வந்தார். மடியில் இருப்பது அவருக்காகத்தான் என்று நான் மூச்சு விடவில்லை.

ஹம்மஸ் என்ற பெயரே எனக்கு அதற்கு முந்தைய வாரம்தான் தெரியும். பக்கத்து வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் சவுதியில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து, இப்போது பஜாரில் பயறுக் கடை வைத்திருக்கிறார். அக்காவும் அங்கே கூடவே இருந்தவர். ஒரு சாயங்காலம் கிண்ணத்தில் ஏதோ கொண்டுவந்து கொடுத்து, சப்பாத்தியில் தொட்டுச் சாப்பிடச் சொன்னார். ஒரு வாய் வைத்தேன். அடேயப்பா! வெண்ணெய் போல நாக்கில் வழுக்கிக்கொண்டு போகிறது, பின்னாலேயே பூண்டு வந்து சுள்ளென்கிறது, அதற்குப் பின்னால் எலுமிச்சம்பழப் புளிப்பு. என்னக்கா இது, எந்த ஊர்ச் சாமான் என்று கேட்டால், அவர் சாவகாசமாகச் சொல்கிறார்: "கொண்டக்கடல, எள்ளு, பூண்டு, எலுமிச்சம்பழம். எல்லாம் நம்ம பஜாருல மூட மூடயாக் கெடக்குறதுதான்."

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பிறந்ததிலிருந்து எள்ளு வாடையிலும் கடலைத் தூசியிலும் வளர்ந்தவள் நான். கொண்டைக்கடலை என்றால் சுண்டல், விட்டால் குழம்பு. எள்ளு என்றால் எண்ணெய், விட்டால் இட்லிப் பொடி. இரண்டையும் சேர்த்து அரைக்கலாம் என்று இத்தனை காலமும் எவருக்கும் தோன்றவில்லையே! சர்க்கரை உள்ளவர்களுக்கு நல்லது, சோற்றைக் குறைத்துவிட்டு இதைச் சாப்பிடலாம் என்று அக்கா சொன்னதும் எனக்கு மதினி ஞாபகம்தான் வந்தது.

மதினிக்கு சுகர். நானும் அவரும் ஒரே கம்பெனி. நான் ஆபீசில் கணக்கு எழுதுகிறவள், அவர் லேபிள் ஒட்டும் கூடத்துக்குத் தலைவி. நூல் பிடித்த மாதிரி லேபிள் நேராக இல்லையென்றால் பெட்டியையே கிழித்துப் போட்டுவிடுவார், அப்படி ஒரு கறார். ஆனால் சோறு என்று வந்துவிட்டால் அந்தக் கறாரெல்லாம் எங்கே போகும் என்று தெரியாது. தூக்குச் சட்டி நிறையச் சோறு, பக்கத்தில் சாத்தூர்ச் சேவு. டாக்டர் திட்டியதைச் சொன்னால், அந்த டாக்டர் பிறந்ததிலிருந்து பசியையே பார்த்ததில்லை போலிருக்கிறது என்று வாயை அடைத்துவிடுவார். இந்த மனுஷியை நாக்கை வைத்துத்தான் பிடிக்க வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

அக்கா தபூலி என்று இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். அதற்கு வேண்டிய கீரை நம் ஊரில் கிடைக்காது. கொத்தமல்லியையும் புதினாவையும் கட்டுக் கட்டாகப் பொடியாய் நறுக்கி, தக்காளி, வெங்காயம், கொஞ்சம் சம்பா கோதுமை ரவை போட்டு எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். ரவையை ஊறவைத்தால் போதும் என்று நானாக நினைத்துக்கொண்டு வேகவைக்காமல் போட்டேன், பல்லில் மணல் மாதிரி நறநறத்தது. மறுபடி வேகவைத்து ஆறவைத்துப் போட்டேன். ஆலிவ் எண்ணெய்க்கு எங்கே போக? நல்லெண்ணெய்தான். அடுப்படியில் நின்றபடியே பாதியை நானே தின்று தீர்த்தேன், அவ்வளவு பிடித்துவிட்டது.

லேபிள் கூடத்தில் வெடிமருந்து கிடையாது. காலி அட்டைப் பெட்டி, லேபிள் கட்டு, மைதாப் பசை வைத்த கிண்ணங்கள், அவ்வளவுதான். அன்றைக்கு வடநாட்டு ஆர்டருக்கு மாதிரிப் பெட்டி போக வேண்டும், மதினியே உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரம் நெருங்கியதும், அவர் யாரையோ திட்டத் திரும்பிய சமயம் பார்த்து, ஹம்மஸ் டப்பாவைத் திறந்து மேசையில் அவர் முன்னால் வைத்தேன். பார்த்ததும் அசந்துபோக வேண்டும் என்று எனக்கு ஆசை. தபூலியை எடுத்துவர ஆபீசுக்கு ஓடிவிட்டுத் திரும்பி வருகிறேன், மதினியின் பிரஷ் என் ஹம்மஸுக்குள் இருக்கிறது. தடவி, லேபிளை வைத்து, உள்ளங்கையால் அழுத்துகிறார். லேபிள் வழுக்கிக்கொண்டு போகிறது.

"இன்னக்கி எவ பச காச்சுனது? திப்பி திப்பியா இருக்கு, ஒட்டவே மாட்டேங்கு. எவளோ ஊறுகாக் கையோட தொட்டுருக்கா, பூண்டு வாட வேற."

அது பசையில்லை மதினி, உங்களுக்கு நான் செய்துகொண்டுவந்த சாப்பாடு என்றேன். கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்துக்கொண்டே டப்பாவை எடுக்கக் குனிந்தபோது, அதற்குப் பக்கத்திலேயே நிஜப் பசைக் கிண்ணம் இருந்தது. எலி தின்னாமல் இருக்க அந்தப் பசையில் மயில்துத்தம் கலப்போம், விஷம். ஒன்று வெளுத்த ஹம்மஸ் இருக்கிற பிளாஸ்டிக் டப்பா, மற்றது நீலம் பாய்ந்த பசைக் கிண்ணம், எந்தக் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகாது. இன்றைக்கு ஹம்மஸைப் பசை என்று எடுத்தவர், நாளைக்குப் பசையைச் சோற்றில் ஊற்றிக்கொண்டால்? எனக்குச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

மதினியைச் சாப்பாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், கண்ணுக்கு என்ன என்று கேட்டேன். முதலில் எரிந்து விழுந்தார். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு கண்ணும் பொகமூட்டமா இருக்குத்தா. சீசன் முடியட்டும்னு பாத்தேன். தெரிஞ்சா கூடத்தவிட்டு எறக்கிருவாகல்ல? ஒங்கண்ணன்ட்டச் சொல்லிராத." லேபிள் நேராக இருக்கிறதா என்று அவர் விரலால் தடவித்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். எங்கள் எவருக்கும் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அழுதேன்.

பிரஷ் பட்ட ஹம்மஸைக் குழி தோண்டிக் கொட்டினோம். மிஞ்சியது தபூலிதான். மாட்டுக்கு அள்ளிப் போடுவதை மனுஷனுக்குப் போடுகிறாயே என்று முணுமுணுத்துக்கொண்டே மதினி ஒரு வாய் மென்றார். அப்புறம் இன்னொரு வாய். கடுகு தாளித்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்றபடி டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அழுத கண்ணோடு எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல!

அண்ணனிடம் சொல்லத்தான் செய்தேன். மதுரைக் கண்ணாஸ்பத்திரியில் இரண்டு கண்ணிலும் புரை என்றார்கள். ஆபரேஷன் செய்தால் பார்வை வந்துவிடும், ஆனால் சுகரைக் குறைத்துக்கொண்டு வந்தால்தான் கத்தி வைப்போம் என்றும் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டுக் கொட்டகையே மாறிப்போனது. மாத்திரை ஒரு பக்கம், வேலை விட்டதும் வேகுவேகென்று நடை ஒரு பக்கம். மத்தியானத்தில் ஒரு கரண்டிச் சோறு, மீதிக்கு ஹம்மஸும் தபூலியும். லேபிள் ஒட்டும் பெண்களுக்கும் ருசி பிடித்துப்போய், ஆளுக்கொரு நாள் செய்துகொண்டு வந்தார்கள். ஒருத்தி வரமிளகாயை அரைத்துப் போட்டாள், ஒருத்தி பெருங்காயம் போட்டாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டு, அந்த மிளகாய் ஹம்மஸில் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மதினியோ தினமும் டப்பா திறக்கும் நேரத்துக்குச் சின்னப்பிள்ளை மாதிரிக் காத்திருந்தார். சேவுப் பொட்டலத்தை மட்டும் இரண்டு தடவை அவர் பையிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது.

சுகர் சட்டென்று இறங்கிவிடவில்லை. இறங்கும், ஏறும், மறுபடி இறங்கும். கடைசியில் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் சரி என்றுவிட்டார்கள். முதலில் வலது கண்.

கட்டு அவிழ்த்த மறுநாள் மத்தியானம் அண்ணன் வீட்டுக்குத் தபூலி கொண்டுபோனேன். கறுப்புக் கண்ணாடியோடு மதினி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தட்டில் வைத்துக் கையில் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் தட்டையே பார்த்தார். "இன்னக்கிப் புதுசா என்னத்தப் போட்ட? இம்புட்டுப் பச்சையா இருக்கு." ஒன்றும் புதிதில்லை மதினி, தினமும் நீங்கள் சாப்பிட்டதுதான் என்றேன். தக்காளித் துண்டு ஒன்றை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், வெங்காயத்தைப் பார்த்தார், சிரித்தார். அப்படியே நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தவர், தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு என் தலையைத் தொட்டார்.

"ஏத்தா, ஒனக்கு எப்ப இம்புட்டு நரச்சது?"

நான் தலைக்குச் சாயம் பூசுவதை விட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. அந்த வருஷம் முழுவதும் வேனில் என் பக்கத்துச் சீட்டில்தான் மதினி உட்கார்ந்து வந்தார்.