தம்பிக்காக இளைத்த உடம்பு

என் தம்பிக்குக் கல்லீரல் கெட்டுப்போனபோது, என்னுடையதில் ஒரு பகுதியைக் கொடுக்க முன்வந்தேன். ஸ்கேன் பார்த்த டாக்டர், "உங்க ஈரல்லயே கொழுப்பு படிஞ்சிருக்கு. உடம்பைக் குறைச்சிட்டு வாங்க" என்றார்.

மறுநாளிலிருந்து விடியுமுன் எழுந்து மலைக்கோட்டையைச் சுற்றி ஓடினேன். சோறு, பரோட்டா, பிரியாணி எல்லாவற்றையும் விட்டேன். மூச்சிரைக்க வீட்டுக்குள் நுழைந்தால், தம்பி கட்டிலில் படுத்தபடி சிரிப்பான்.

"எனக்காக இம்புட்டுப் பாடுபடுறியேண்ணே. எனக்குச் சரியானதும் ரெண்டு பேரும் சேர்ந்து பிரியாணி திம்போம். அதுவரைக்கும் நானும் தொடமாட்டேன்."

அடுத்த ஸ்கேனில் என் ஈரல் சுத்தமாகிவிட்டது, கொடுக்கலாம் என்றார்கள். ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதற்குள் தம்பி போய்விட்டான்.

மாதா கோவிலில் முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் பந்தி. வழக்கம்போல் பிரியாணிதான். எதிரே இருந்த தூரத்துச் சொந்தக்காரர், "நல்லா இளைச்சு ஜம்முனு ஆயிட்டியே, எப்படிப்பா?" என்றார். நான் பிரியாணியை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கினேன். அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சாப்பிடுய்யா. இனி யாருக்காக வயித்தக் கட்டப்போற?"

ஒரு வாய் வைத்தேன். மீதியோடு இலையை மூடிவிட்டேன்.

இப்போதும் விடியற்காலையில் ஓடுகிறேன். அவனுக்கென்று சுத்தமாக்கிய ஈரலில் மறுபடி கொழுப்புச் சேர விட மனம் வரவில்லை.