மேல்வரிசையில் இரண்டு பல்

சேலம் பெரியாஸ்பத்திரியை விட்டுக் கிளம்பி, குப்பனூர் தாண்டி மலையேறிக்கொண்டிருந்தோம். அப்பா வாயில் பஞ்சைக் கடித்திருந்தார். நான் கோபத்தில் பின்தங்கியே நடந்தேன்.

நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் விடியும் முன்னே கொம்பு ஊதி ஆட்களை எழுப்புவது அப்பாவின் வேலை. மரம் சாய்ந்து தோள்பட்டை போனபிறகு அவருக்கு மிஞ்சியதும் அது ஒன்றுதான். அவர் ஊதினால் தூரத்து ஊரான வாழவந்தியிலும் அடுப்பு மூட்டுவார்கள் என்று கேலி பேசுவார்கள். அந்த மலையை விட்டு வந்து எத்தனையோ ஊர்களில் பிழைத்துவிட்டேன். இன்றும் விடியலில் என் காது அந்தச் சத்தத்துக்காகக் காத்துக் கிடக்கிறது.

கொம்பு அழுந்துகிற இடத்தில் மேல்பல் இரண்டும் சீழ் பிடித்திருந்தன. காலையில் முதலில் போனது கடைவீதியில் ஒரு சீனாக்காரரின் பல் வைத்தியக் கடைக்கு. பிடுங்கவே வேண்டாம், வாரம் ஒருதரமாக நாலுமுறை வந்தால் காப்பாற்றிவிடலாம் என்றார் அவர். கூலிக்காக அம்மாவின் தோடு அப்பாவின் மடியில் தயாராக இருந்தது. நாலுமுறை சேலம் பார்க்கலாம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் எஸ்டேட்டில் ஆள்கணக்கு எழுதும் ரைட்டர் கொடுத்த லீவு ஒரு நாள். மறுபடி கேட்டால் கொம்பு வேறு கைக்குப் போய்விடும். வலி நின்றால் பல் இல்லாமலும் ஊதிவிடலாம் என்று அப்பா நினைத்திருக்க வேண்டும். கடை வாசலில் வெகுநேரம் நின்றவர், பெரியாஸ்பத்திரிப் பக்கம் திரும்பினார்.

அங்கே காசு கேட்கவில்லை. கம்பவுண்டர் நல்ல மனுஷர். முன்பல்லாயிற்றே, வெளியே வேறு யாரிடமாவது காட்டிப் பாரேன் என்றுகூடச் சொன்னார்.

"காட்டியாச்சுங்க. நாளைக்கு வேலைக்கு நிக்கோணும், எடுத்துருங்க," என்றார் அப்பா.

மலைப்பாதையில் ஓர் ஓடையருகே அப்பா பஞ்சைத் துப்பிவிட்டுக் கையைக் குவித்து ஊதிப் பார்த்தார். காற்றுதான் வந்தது. கோபம் மறந்து சிரித்துவிட்டேன்.

"ஏனுங்கப்பா, பாம்பாட்டச் சீறுறீங்க?"

"நொம்பச் சிரிக்காத கண்ணு. அப்ப நீ ஊது, பாக்கலாம்." அவரும் சிரித்தார்.

மறுநாள் இருட்டோடு கொம்பை எடுத்தார். மறுபடியும் காற்று. கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரு கதவும் திறக்கவில்லை. கொம்பை என்னிடம் நீட்டினார். ஊதினேன். கன்றுக்குட்டி கத்துவதுபோல ஏதோ வந்தது. கதவுகள் திறந்தன. ரைட்டர் வந்து என் பெயரைக் கேட்டு ஆள்கணக்கில் எழுதிக்கொண்டார். இனிப் பள்ளிக்கூடம் போகவேண்டியதில்லை என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். பல் எடுத்த இடம் வலிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு, இன்னொருமுறை பலமாக ஊதினேன்.