க்யூ எழுத்தில் முப்பத்தேழு

இதை எழுத உட்காரும் முன் அந்த ஆங்கில அகராதியை எடுத்து மறுபடியும் எண்ணிப் பார்த்தேன். க்யூ எழுத்தில் அக்கா பென்சிலால் புள்ளி வைத்த சொற்கள் முப்பத்தேழு. போன மாதம் முப்பத்தாறு வந்து எனக்கு இரண்டு நாள் நிம்மதி போயிற்று. ஒரு புள்ளி மங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு அப்போது பதினோரு வயது. பல்லடத்தில் வீட்டை ஒட்டியே அப்பா நான்கு விசைத்தறிகள் ஓட்டிக்கொண்டிருந்தார். அக்கா பள்ளிப் படிப்பை முடித்து நான்கு மாதமாக வீட்டில் இருந்தாள். பொங்கலூரிலிருந்து ஒரு வரன் வந்தது. தோட்டம் துரவு உள்ளவர்கள், திருப்பூரில் புதிதாகப் பனியன் கம்பெனி போட்டிருந்தார்கள். பனியன் அப்போதுதான் கப்பல் ஏறத் தொடங்கியிருந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் கடிதங்களைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். மருமகளே அந்த ஆளாகிவிட்டால் நல்லது என்பது அவர்கள் எண்ணம். ஆகவே பெண் பார்க்க வரும்போது மாப்பிள்ளையின் மாமா இங்கிலீஷில் கேள்வி கேட்பாராம். அதுவும் க்யூவில்தானாம்.

"குவாலிட்டி, கோட்டா ரெண்டும் எல்லாப் புள்ளைக்கும் தெரியுதுங்க. அதுக்கு மேல போனா மாட்டிக்கறாங்க. மூணு ஊட்டுல காப்பியோட எந்திரிச்சு வந்துட்டாரு" என்று தரகர் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா திருப்பூருக்குப் பஸ் ஏறிப்போய் அகராதி வாங்கி வந்தார். கேள்வி கேட்கும் வேலை எனக்கு. எட்டு நாள், காலையும் மாலையும், ஆகப் பதினாறு தடவை. குவெருலஸ் என்றால் எதற்கும் குறைசொல்லிப் புலம்புகிறவன். இப்போது வீட்டில் என்னை அப்படித்தான் சொல்கிறார்கள், தமிழில்.

பக்க அடையாளத்துக்கு அக்கா ஒரு தாளை நான்காக மடித்து வைத்திருந்தாள். ஆசிரியப் பயிற்சிக்கான விண்ணப்பம். நிரப்ப வேண்டிய இடங்கள் இருபத்திரண்டு. தந்தையின் கையொப்பம் என்ற ஒன்று மட்டும் காலியாக இருந்தது. அதை அவள் இரண்டு முறை அப்பாவிடம் நீட்டியதை நானே பார்த்தேன். "இந்த எடம் அமையலீன்னா பாத்துக்கலாம் அம்மிணி" என்று இரண்டு முறையும் தள்ளிவிட்டார்.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் மாலை முப்பத்தேழையும் தவறில்லாமல் சொன்னாள். பிறகு என் காதருகே குனிந்து, "நாளைக்கு நான் என்ன சொன்னாலும் நீ வாயத் தொறக்கப்படாது" என்றாள். பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுக்கக் கூடாது என்கிறாள் என்று நினைத்துத் தலையாட்டினேன்.

ஏழு பேர் வந்தார்கள். நான்கு தறிகளையும் நிறுத்தியிருந்தார்கள். அந்த அமைதியில் தம்ளரைக் கீழே வைக்கும் சத்தம்கூடத் திடுக்கிட வைத்தது. மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஏனுங்க அம்மிணி, குவாஃப்னா என்னங்க?"

மடமடவென்று குடிப்பது. பன்னிரண்டாவது சொல். அக்கா தரையைப் பார்த்து, "தெரியலீங்க" என்றாள்.

"செரி, குவாக்மயர்?"

புதைசேறு. அதில் அவள் ஒரு முறைகூடத் தவறியதில்லை. "தெரியலீங்க."

அப்பாவின் கை தோள்துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தது. கதவோரம் நின்ற அம்மா கண்ணை மூடிக்கொண்டார். மாமா தம்ளரைத் தள்ளி வைத்தார். எழப்போகிறார் என்று தெரிந்தது. எட்டு நாள் உழைப்பும் அவரோடு எழுந்து போகப்போகிறது.

"பொய்யிங்க மாமா! அக்காவுக்கு முப்பத்தேழும் தெரியுமுங்க. நேத்துக்கூட எங்கிட்ட சொன்னாளுங்க!" என்று கத்தினேன். கையோடு இரண்டுக்கும் அர்த்தத்தைச் சொன்னேன்.

ஏழு தலைகளும் என் பக்கம் திரும்பின. "அப்பறம் எதுக்குக் கண்ணு தெரியலீங்குது?" என்றார் மாமா.

"வெக்கமுங்க. புள்ளைக்கு நாலு பேரக் கண்டா வாயே வராதுங்க" என்றார் அம்மா, அவசரமாக.

மாமா சிரித்தார். "அப்ப இன்னொண்ணு கேக்கறனுங்க. குவாண்டரி?"

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் எட்டு எண்ணும்வரை பார்த்தாள். பிறகு அப்பாவின் கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். "எதைச் செய்யறதுன்னு தெரியாம நிக்கற நெலைங்க" என்றாள், தெளிவாக.

அரை மணி நேரத்தில் தட்டு மாற்றிக்கொண்டார்கள். அப்பா பதினோரு வயதுப் பையனான என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு எல்லோரிடமும் காட்டினார்.

வந்தவர்கள் போனதும் தறிகள் மறுபடி ஓடத் தொடங்கின. அக்கா உள்ளே வந்து, அகராதியிலிருந்து அந்தத் தாளை உருவி என்னிடம் கொடுத்தாள். "இந்தா, கப்பல் செஞ்சுக்கோ."

"பக்கம் தெரியாமப் போயிருமே அக்கா?"

"இனி வேண்டாம் கண்ணு."

அதுவும் சரிதான், முப்பத்தேழும் மனப்பாடம் ஆகிவிட்டதே, இனி அடையாளம் எதற்கு என்று எனக்குப் பெருமையாக இருந்தது. தாள் கெட்டியானது. ஒன்றுக்கு இரண்டாகக் கப்பல் வந்தது.