பொழுதுபட்ட பின் போகக் கூடாத பாதை

டென்மார்க்கில், விபோர்க் நகரத்துக்குத் தெற்கே, ஏரிகளைச் சுற்றிப் போகிற கிறவல் பாதைகள் எனக்கு மனப்பாடம். எது எங்கே திரும்பும், எங்கே மணல் சில்லை இழுக்கும், எங்கே குதிரைக்காரர் கிண்டிவிட்டுப் போன பள்ளம் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கொழுத்த ரயர் பூட்டிய சைக்கிள்களில் ஆட்கள் அங்கே பொழுதுபோக்குக்கு வருகிறார்கள். நான் அந்தப் பாதைகளைத் தேடிப் பிடித்தது லொறிகளுக்குப் பயந்து.

நான் எதற்கும் பயப்படுகிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அகதியாக வந்து டேனிஷ் வகுப்பிலும் கடைசி வாங்கில்தான் இருந்தேன். வேலை கிடைத்தது ஏரிக்கு அந்தப் பக்கத்தில் இருந்த மிங்க் பண்ணையில். தோலுக்காகக் கூட்டில் வளர்க்கிற அந்தப் பிராணிகளுக்கு மீன் அரைத்துப் போட வேண்டும். பெரிய றோட்டால் போனால் கிட்ட. ஆனால் சைக்கிளுக்கு என்று தனிப் பாதை இல்லை. ஒருநாள் ஒரு லொறியின் காற்றே என்னை றோட்டோரக் கானுக்குள் தள்ளிவிட்டது. அடுத்த நாளிலிருந்து ஏரிக்கரைக் காட்டுக்குள்ளால் போகத் தொடங்கினேன்.

சைக்கிள் ஒரு டேனிஷ் கிழவி தந்தது, பெண்கள் ஓடுகிற சைக்கிள். பிறேக் பெடலிலேயே இருந்தது. எங்கள் ஊரில் இறக்கத்தில் சும்மா பின்பக்கம் உழக்கிக்கொண்டு போவோம். இங்கே அப்படிச் செய்தால் சில்லு பூட்டிவிடும். கிறவலில் அப்படி விழுந்து முழங்கால் உரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது என்னோடு அறையில் இருந்த அண்ணை சிரித்தார். ஊரில் பஸ் ஓட்டியவர் அவர்.

“சைக்கிளுக்கே உன்னைப் பிடிக்கேல்லைப் போல.”

ஆனாலும் அந்தப் பாதைகளில் போகையில் எனக்குச் சந்தோசமாக இருந்தது. மனைவியையும் பிள்ளையையும் இங்கே கூப்பிட விண்ணப்பித்திருந்தேன். எங்களுக்கு முன்னம் விண்ணப்பித்தவர்களின் குடும்பங்கள் சில மாதங்களில் வந்து சேர்ந்திருந்தன. அவள் ஊரில் தையல் வகுப்புக்குச் சைக்கிளில் போய் வந்தவள். ஒவ்வொரு வளைவையும் அவளுடைய கண்ணால் பார்த்தேன். இது அவளுக்கு ஏறக் கஷ்டம், இறங்கி உருட்டட்டும். இந்த இடத்தில் பிள்ளையைப் பின்சீற்றில் வைத்துக்கொண்டு பயமில்லாமல் ஓடலாம். எங்கள் மகளை நான் விட்டு வந்தபோது அவள் தவழத் தொடங்கியிருக்கவில்லை.

இலையுதிர்காலம் வந்தது. வேலை முடிகிறபோதே இருட்டு. ஒருநாள் காட்டுப் பாதைக்குக் குறுக்கே ஒரு பச்சை வாகனம் நின்றது. காட்டைப் பார்க்கிறவர் இறங்கி வந்தார். கோபமாகக் கதைக்கவில்லை. இது தனியாருடைய காடு, பொழுதுபட்ட பிறகு ஒருவரும் போகக் கூடாது, வாசலில் பலகை இருக்கிறதே என்றார். நான் அந்தப் பலகையைத் தினமும் கடந்து போனவன். அதை வாசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பேர் கேட்டார். சொன்னேன். அவர் கேட்காமலே வீட்டு இலக்கத்தையும் சொன்னேன். பண்ணையைச் சொன்னேன். மனைவியும் பிள்ளையும் வரப் போகிறார்கள் என்பதையும் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போகச் சொன்னார். அவ்வளவுதான் நடந்தது.

வீட்டுக்கு வந்து அண்ணையிடம் சொன்னேன்.

“உனக்கு இருக்கிற றோட்டு காணாதே? காட்டுக்குள்ளாலையோ போனனீ?”

“லொறி அண்ணை.”

“லொறி அடிச்சிருந்தா ஒரு நோவோடை போயிருக்கும்.”

“பேர் கேட்டவன். சொல்லாமல் என்ன செய்யிறது?”

“பேர் கேட்டால் பேரைச் சொல்லு. நீ சாதகத்தையே குடுத்திட்டு வந்திருக்கிறாய்.”

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். எனக்கு அது நெஞ்சில் போய் இருந்துவிட்டது.

அதற்குப் பிறகு விண்ணப்பத்துக்கு மறுமொழி வரவில்லை. குடிவரவுக் கந்தோருக்குப் போய்க் கேட்டால் பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். கோப்பி குடிக்கிறீர்களா என்றும் கேட்டார்கள். எனக்கு விளங்கிவிட்டது. காட்டுக்காரர் பொலிசுக்குச் சொல்லியிருக்கிறார், பொலிஸ் கந்தோருக்குச் சொல்லியிருக்கிறது. சட்டத்தை மதிக்காதவனுடைய குடும்பத்தை இவர்கள் ஏன் வர விட வேண்டும்?

நான் மட்டும் அப்படி நினைக்கவில்லை. அண்ணை தன் மனைவிக்குப் போட்ட விண்ணப்பத்துக்கும் மறுமொழி இல்லை. அகதி முகாமில் பன்றி இறைச்சி போட்ட சமையல்காரனோடு தான் சண்டை பிடித்ததுதான் காரணம் என்று அண்ணை நினைத்தார். இன்னொருவர், டேனிஷ் வகுப்புக்குக் காய்ச்சலில் போகாத நாட்களைச் சொல்லிச் சொல்லி வருந்தினார். எல்லாருடையதும் நிற்கிறது என்று எங்களுக்குத் தெரியும். அதனால் எல்லாரும் பிழை விட்டிருக்கிறோம் என்றுதான் நினைத்தோம்.

குளிர் கூடிய ஒரு சனிக்கிழமை, நல்ல வெளிச்சத்தில், ஒரு பக்கற் தேயிலையோடு காட்டுக்காரர் வீட்டைத் தேடிப் போனேன். மன்னிப்புக் கேட்டால் சொன்னதைத் திருப்பி எடுப்பார் என்று நினைத்தேன். கதவைத் திறந்தவருக்கு என்னை நினைவில்லை. பாதை, சைக்கிள், இருட்டு என்று எனக்குத் தெரிந்த சொற்களில் விளக்கினேன். “அப்படிப் பலரைத் திருப்பி அனுப்புகிறேன்” என்றார். தேயிலைக்கு நன்றி சொன்னார்.

அண்ணை கேட்டார், “என்னவாம்?”

“ஞாபகம் இல்லையாம்.”

“அப்ப பிரச்சினை முடிஞ்சுது.”

“இல்லை அண்ணை. மறைக்கிறான்.”

ஊரில் சண்டை கடுமையாகிக்கொண்டு வந்தது. அடுத்த மாரிக் குளிரில் மைத்துனர் கொழும்பிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டார். மகளுக்கு மூளைக்காய்ச்சல் வந்ததாம். ஊரடங்கு. ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போக ஒரு வாகனமும் வரவில்லையாம். அவர் சொல்லி முடித்த பிறகும் நான் “ஓம், ஓம்” என்று சொல்லிக்கொண்டே நின்றேனாம். அண்ணைதான் றிசீவரை வாங்கினார்.

மனைவி அதற்கு அடுத்த வருடம் வந்தாள். தனியே வந்தாள். விமானநிலையத்தில் அவளுடைய கைகள் வெறுமையாக இருந்ததைப் பார்க்க முடியாமல் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வந்த கிழமையே காட்டுப் பாதையைப் பற்றியும், அதனால்தான் விண்ணப்பம் நின்றது என்றும் சொல்லிவிட்டேன். அடக்கி வைத்திருக்க என்னால் முடியவில்லை. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“வேறை வழி இருக்கேல்லையோ?” என்றாள்.

“இருந்தது. லொறி.”

“லொறிக்குப் பயந்து,” என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. உரித்து முடித்து, அரிந்து, தாளித்தாள்.

பிறகு அவளுக்கு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. அதுவும் ஏரிக்கு அந்தப் பக்கம்தான். பகலில் காட்டுக்குள்ளால் போகலாம், ஆபத்தில்லை என்று காட்டப் போனேன்.

“உங்கடை பாதையாலை நீங்கள் போங்கோ. நான் றோட்டாலை போறன்.”

நாங்கள் ஒரே நேரத்தில் வீட்டை விட்டு இறங்கி, முச்சந்தியில் பிரிந்து போவோம். அவள் வேலைக்குப் போய்ச் சேருகிற நேரம் வரை லொறிச் சத்தம் கேட்கிறதா என்று மரங்களுக்குள்ளால் கேட்டுக்கொண்டே உழக்குவேன். வீட்டில் அவள் என்னோடு சண்டை பிடிப்பாள். விளக்குச் சுவிச்சை நிப்பாட்டாததற்கு, சப்பாத்தை வழியில் விட்டதற்கு. எல்லாச் சண்டையும் எங்கே போய் முடியும் என்று இருவருக்கும் தெரியும். அதைச் சொல்லாமலே முடித்துக்கொள்வோம்.

சில வருடங்களுக்குப் பிறகு ஒருநாள் பின்னேரம் தொலைக்காட்சியில் அரசாங்கம் விலகுகிறது என்றார்கள். தமிழர் வழக்கு என்று அதற்குப் பெயர். அண்ணையும் வந்திருந்தார். அப்போதைய நீதியமைச்சர் எங்களுடைய குடும்பங்களின் விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாக நிறுத்தி வைத்திருந்தாராம். எப்போதிலிருந்து என்று அவர்கள் சொன்னதைக் கேட்டு நான் மனத்தில் கணக்குப் பார்த்தேன். பச்சை வாகனம் என்னை மறித்ததற்கு முன்னமே.

“அப்ப அந்தச் சமையல்காரனை நான் சும்மா திட்டியிருக்கிறன்,” என்றார் அண்ணை. சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நேரத்தில் எழும்பிப் போய்விட்டார்.

எனக்கு உடம்பு லேசானது போல இருந்தது. பிள்ளை செத்த கதையில் லேசாகிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது. குசினிக்குப் போனேன். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“அது நான் இல்லையாம்,” என்றேன்.

“கேட்டனான்.”

“அவன் மறிக்க முன்னமே நிப்பாட்டிப் போட்டாங்கள்.”

“ஓம்.” துணியைப் பிழிந்தாள். “நீங்கள் எண்டு நினைக்கேக்குள்ள கோவிக்க ஒரு ஆள் இருந்தது. வீட்டுக்குள்ளையே இருந்தது. சோத்தைப் போட்டுக் குடுத்திட்டும் கோவிக்கலாம். இனி நான் ஆரைக் கோவிக்கிறது? ரீவியில வாறவனையோ?”

“என்னையே கோவியும்.”

“அது சரிவராது. நீங்கள் இல்லையெண்டு தெரிஞ்சு போச்சே.”

அதற்குப் பிறகு அவள் என்னோடு சண்டை பிடித்ததில்லை. சப்பாத்து வழியில் கிடந்தால் எடுத்து வைப்பாள். சுவிச்சை அவளே நிப்பாட்டுவாள். ஒருநாள் வேண்டுமென்றே விளக்கை எல்லாம் போட்டுவிட்டு இருந்து பார்த்தேன். வேலையால் வந்தவள் ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு, சாப்பிட்டீர்களா என்று கேட்டாள்.