உப்புவெளியிலிருந்து வந்த சேசி

கடற்படை வெள்ளைக்காரர் திருகோணமலையை விட்டுப் போனபோது சில கார்களையும் விட்டுப் போனார்கள். அவற்றில் ஒன்று, கூரையில்லாத பச்சை ஸ்போர்ட்ஸ் கார், கைமாறிக் கைமாறி அறுபதுகளின் கடைசியில் என் கணவரிடம் வந்து சேர்ந்தது. அவர் துறைமுக வேர்க்ஷொப்பில் ஃபிட்டர். எங்களுக்குக் கலியாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. வேலையால் வந்ததும் தேத்தண்ணியைக் கையில் வாங்கிக்கொண்டு நேரே கார் நிற்கும் கொட்டிலுக்குப் போய்விடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என்ஜினைத் திருத்தினார். பிறகு மேலுடம்பைக் கழற்றிப் பார்த்தால், காரையே தாங்குகிற அடி இரும்புச் சட்டமான சேசி உப்புக் காற்றில் கறள் பிடித்து உக்கிப்போயிருந்தது. சுத்தியலால் தட்டத் தட்டப் பொருக்குப் பொருக்காகக் கொட்டியது.

"இனி வேற சேசிதான் போட வேணும்" என்றார். "உப்புவெளியிலை இதே மாதிரிக் கார் ஒண்டு ஓடாமல் கிடக்கு."

யார் வீட்டில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். அது ஒரு பள்ளிக்கூட ரீச்சரின் வீடு. கார் இறந்துபோன அவவின் அப்பாவுடையது. அவவைத்தான் என் கணவருக்கு முதலில் பேசினார்கள். சாதகம் பொருந்தாமல் விட்டுப்போனது. அவ இன்னும் கலியாணம் முடிக்கவில்லை.

அவர் போய்ப் பார்த்தார். அடுத்த கிழமையும் போனார்.

"ஒரு இரும்பைப் பாக்க எத்தினை தரம் போறியள்?"

"அளவெடுக்க வேணும்தானே."

"போன கிழமைக்கு இந்தக் கிழமை அது வளந்திட்டுதோ?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானே ஊரெல்லாம் விசாரித்தேன். கிண்ணியா முதலாளி ஒருவரின் பழைய இரும்புக் கடையில் அதே காரின் சேசி ஒன்று இருப்பதை அறிந்து, என் கணவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போனேன். கறுப்புப் பெயின்ற் அடித்துப் பளபளவென்று கிடந்தது.

"பாருங்கோ, ஒரு கறள் இல்லை. இதையே எடுப்பம்."

"பொறுங்க தங்கச்சி, அவர் அளந்து பாக்கட்டும்" என்றார் முதலாளி.

என் கணவர் சேசியின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்காக நூல் பிடித்தார். பிறகு மற்ற இரண்டு மூலைகளுக்கும் அதே நூலைப் பிடித்தார். நூல் எட்டவில்லை.

"எங்கயோ அடிபட்டுக் கோணியிருக்கு. பெயின்ற் மறைச்சுப்போட்டுது. ரோட்டிலை ஒரு பக்கமா இழுக்கும்."

"நிமித்த ஏலாதோ?"

"நிமித்தலாம். ஆனா பிறகு உம்மை நம்பி அதிலை ஏத்த மாட்டன்."



மறுநாள் உப்புவெளிக்கு நானும் போனேன். ரீச்சர் தேத்தண்ணி கொண்டுவந்தா. அவருக்குச் சீனி குறைவு என்று நான் சொல்ல முதலே அவவுக்குத் தெரிந்திருந்தது. என் கோப்பையை அப்படியே மேசையில் வைத்தேன். வெளியே அவர் நூல் பிடித்துப் பார்த்தார். மேலெல்லாம் கறள்தான். ஆனால் இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தன. உள்ளிரும்பு திடமாக இருந்தது.

"கொண்டு போங்கோ" என்றா ரீச்சர். "அப்பா ஆசையா ஓடினது. ஓடத் தொடங்கினாப் பிறகு ஒருக்கா என்னையும் ஏத்துங்கோ." இதை அவரைப் பார்த்துக் கேட்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் கேட்டா.

கார் ஓடத் தொடங்கியதும் உப்புவெளிக்குப் போனோம். அதில் இருக்க இரண்டு பேருக்குத்தான் இடம். நான் இறங்கினேன்.

"நீர் சொன்னால்தான் கூட்டிக்கொண்டு போவன்" என்றார் அவர் மெல்ல.

"போயிட்டு வாங்கோ."

நிலாவெளி ரோட்டில் கார் மறைந்தது. சத்தமும் தேய்ந்து போனது. வாசல் படலையைப் பிடித்தபடி நின்றேன். திரும்பி வந்தபோது ரீச்சரின் தலைமயிர் கலைந்து கிடந்தது, கண் கலங்கியிருந்தது.

"அப்பாவோட போனமாதிரி இருந்தது" என்று என் கையைப் பிடித்தா.

அந்தச் சொல்லோடு என் மனம் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. அவ கலியாணம் முடித்து மட்டக்களப்புக்குப் போகும்வரை, கொட்டிலில் கார் ஸ்ரார்ட் ஆனால் போதும், குசினியில் அடுப்பை விட்டு ஓடிவந்து அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பேன்.